லாரிக்கு அடியில் ஒரு சூரியக் கடிகாரம்

வேம்பார் உப்பளத்திலிருந்து மூட்டை ஏற்றி வரும் லாரியின் அடிப்பாகத்தைக் குனிந்து பார்த்திருக்கிறீர்களா? கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்கு ஒரு நீண்ட குழல்தண்டு செல்லும். அதன் இரு முனைகளிலும் சிலுவை வடிவ மூட்டு ஒன்று இருக்கும். பட்டறைக்காரர்கள் அதை 'ஜாயிண்ட் கிராஸ்' என்பார்கள். பள்ளம் மேடுகளில் அச்சு ஏறி இறங்கினாலும் சுழற்சி அறுபடாமல் சக்கரத்தை அடைவது இம்மூட்டினால்தான். ஆனால் இது மோட்டார் வண்டிக்காகப் பிறந்ததன்று!

கப்பல் சாய்ந்தாலும் திசைகாட்டி கிடைமட்டமாகவே நிற்கும். ஒன்றினுள் ஒன்றாகத் தொங்கும் வளையங்களே அதற்குக் காரணம். இத்தாலிய அறிஞர் கார்டானோ 1550-இல் வெளியிட்ட நூலில் இத்தகைய அமைப்பை விவரித்தார். அது அவருக்கும் மிக முற்பட்டது. எனினும் 'கார்டன் தண்டு' என்று அவர் பெயரே நிலைத்துவிட்டது.

மூட்டின் கணக்கைக் கண்டறிந்தவர், சுருள்வில் விதியால் நீங்கள் அறிந்த ராபர்ட் ஹூக். 1676-இல் வானியல் கருவிகளைப் பற்றிய நூலில் அவர் இதை விளக்கினார். இம்மூட்டில் ஒரு குறை உண்டு. ஒரு தண்டு சீராகச் சுழன்றாலும், அதனுடன் கோணத்தில் இணைந்த மற்றது ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தளரும். 20 பாகைக் கோணத்தில், நிமிடத்துக்கு 1000 சுற்று என்னும் வேகம் 940-க்கும் 1064-க்கும் இடையே ஊசலாடும்.

இதே ஏற்றத்தாழ்வு சூரியக் கடிகார நிழலிலும் இருப்பதை ஹூக் கண்டார். வேம்பாரின் அட்சரேகை ஏறத்தாழ 9 பாகை. அங்கே கிடைத்தளக் கடிகாரத்தில் நண்பகலுக்குப் பின் முதல் ஒரு மணி நேரத்தில் நிழல் 2.4 பாகையே நகரும். மாலை 5 முதல் 6 வரை ஏறக்குறைய 60 பாகை ஓடும்! சூரியனோ சீராகவே செல்கிறது. நிழலுக்கும் மூட்டுக்கும் சூத்திரம் ஒன்றே.

குறைக்கு மருந்தையும் ஹூக்கே 1683-இல் கூறினார். இரண்டு மூட்டுகளைப் பொருத்தி, இரு கோணங்களையும் சமமாக்கி, நடுத்தண்டின் இரு முனைக் கவைகளையும் ஒரே தளத்தில் வைத்தால், முதல் மூட்டின் பிழையை இரண்டாவது ஈடுசெய்துவிடும். அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஸ்பைசர் 1903-இல் காப்புரிமை பெற்ற பின் இம்மூட்டு மோட்டார் வண்டிகளில் பரவியது.

இப்போது லாரிக்கு வருவோம். வில்பட்டைகளை மாற்றிப் பின்புறத்தைத் தாழ்த்தினால் தண்டின் சாய்வு மாறும். வில்லின் கிடையும் மாறினால் அச்சு சற்றுத் திரும்பி, இரு கோணங்களும் வேறுபட்டுவிடும். தண்டு நொடிக்கு 25 முறை சுழன்றால் 50 அதிர்வுகள் எழும். பேரிங்குகள் தேயும்; கவனியாது விட்டால் மூட்டே முறிந்து, ஓடும் வண்டியின் தண்டு சாலையில் விழலாம். பரிகாரம் எளிது: கோணங்களை அளந்து, வில்லுக்கும் அச்சுக்கும் இடையே தகுந்த எஃகு ஆப்பு வைத்து அவற்றைச் சமப்படுத்த வேண்டும். தண்டை மட்டும் மாற்றுவதால் பயனில்லை.

ஆப்பு வைக்கும் மெக்கானிக் ஹூக்கின் பெயரைக் கேட்டிராமல் இருக்கலாம். அவர் கை செய்வது ஹூக்கின் கணக்கைத்தான்.