செங்கல், மரம், உலோகம், சுதை

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் வழியில் மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே ஒரு பாறையைக் குடைந்து மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்த முதலாம் மகேந்திரவர்மன், தான் செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் இதைச் செய்ததாகக் கல்வெட்டில் பெருமிதத்தோடு பொறித்து வைத்தான். கலை வரலாற்று மாணவர்கள் தவறாமல் படிக்கும் கல்வெட்டு இது. ஆயின் அதன் மறுபக்கத்தை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. அரசன் ஒதுக்கிய அந்த நான்கு பொருள்களால்தான் அவனுக்கு முன்னும் பின்னும் மனிதர்கள் வீடு கட்டினார்கள். பல்லவனின் பாறை பதினான்கு நூற்றாண்டுகளாக நிற்கிறது. அதே வட்டாரத்தில் நூறாண்டு கண்ட வீட்டைக் காட்டச் சொன்னால் தெருத் தெருவாகத் தேட வேண்டியிருக்கும்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பழைய வீடொன்று இடிபடப் போகிறது என்றால் பொதுவாக இரண்டு கேள்விகள் எழுகின்றன. இதற்கு என்ன வயது? இதில் யார் வாழ்ந்தார்? இரண்டுமே நியாயமான கேள்விகள். 1958ஆம் ஆண்டின் மத்திய தொல்லியல் சட்டமும் நூறாண்டு என்ற அளவுகோலையே வைத்திருக்கிறது. ஆனால் இவ்விரண்டு கேள்விகளோடு நின்றுவிடுவதால் நாம் இழப்பது மிகுதி என்பது என் எண்ணம்.

முதலில் 'யார் வாழ்ந்தார்' என்பதை எடுத்துக்கொள்வோம். சிவாஜி கணேசன் 1928இல் விழுப்புரத்தில் பிறந்தார். ஆனால் அவரை உருவாக்கியவை திருச்சியும் நாடகக் கம்பெனிகளும். 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர்க்காரர். புகழ்பெற்றோர் என்று தேடினால் இவ்வாறு சில பெயர்கள் கிடைக்கும், அவ்வளவே. அதற்கு அப்பாலுள்ள ஆயிரம் வீடுகள் பொருளற்றவையா?

பெயர் இருந்தால் மட்டும் வீடு பிழைத்துவிடுகிறதா என்பது இன்னொரு கேள்வி. உ.வே. சாமிநாதையர் 1903இல் கும்பகோணத்திலிருந்து சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறி வந்தபின் திருவல்லிக்கேணியில் வாழ்ந்தார். தமக்கு ஆதரவளித்த தியாகராச செட்டியாரின் நினைவாக அவ்வீட்டுக்குத் 'தியாகராச விலாசம்' என்று பெயரிட்டார். பெருங்கதை 1924இலும் குறுந்தொகை 1937இலும் அவர் பதிப்பாக வந்தது அவருடைய அந்தச் சென்னைக் காலத்தில்தான். அவ்வீட்டின் முக்கியத்துவத்தை மெய்ப்பிக்க எந்த ஆராய்ச்சியும் தேவைப்படவில்லை. பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியிருந்தும் 2012இல் அது இடிக்கப்பட்டது. எழுத்தாளர்களும் ஆர்வலர்களும் குரல் எழுப்பியபோது கடப்பாரை ஏற்கெனவே சுவரில் இறங்கியிருந்தது. வாரிசுகளைக் குறைகூறுவது எளிது. ஒரு தனியார் குடும்பம் தமிழுலகத்தின் சார்பில் எத்தனை தலைமுறைக்கு ஓடு மாற்றிக்கொண்டிருக்க முடியும் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். நல்லவேளையாக, ஐயரின் சுவடிகளும் நூல்களும் 1943இல் தொடங்கப்பட்ட அவர் பெயராலான நூல்நிலையத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தன.

நம் ஊர்களுக்கு வருவோம். விழுப்புரம், திண்டிவனம் ஆகியவற்றின் நூறாண்டு வீடுகளைப் புரிந்துகொள்ள அரண்மனைக் கதைகள் உதவா; நிலக்கடலையும் ரயிலும்தான் உதவும். 1870களில் மீட்டர்கேஜ் பாதை இவ்வழியே தெற்கே நீண்டது. 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குக் கிளைப்பாதை திறக்கப்பட்டது. அக்காலத்தில் தென்னாற்காடு நிலக்கடலை விளைவில் முன்னணி மாவட்டம். புதுச்சேரித் துறைமுகம் வழியே பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கு அது கப்பலேறியது. 1890களில் விளைச்சல் கடுமையாகச் சரிந்தது. பிறகு வெளியிலிருந்து வந்த புது விதையால் மீண்டது. ஆகவே இங்கே ஒரு வீட்டை 1880ஐச் சேர்ந்தது என்பதற்கும் 1910ஐச் சேர்ந்தது என்பதற்கும் இடையே முப்பதாண்டு மட்டும் இல்லை. ஒரு வீழ்ச்சியும் ஒரு மீட்சியும் இருக்கின்றன. தெருவை ஒட்டிய பகுதியில் மூட்டை அடுக்கும் கொட்டடியும் அதற்கென அகன்ற கதவும் இருந்தால், அந்த வீடு கெசட்டியர் எழுதாத பொருளாதார வரலாற்றின் ஒரு பக்கம். 1878இல் வந்த கார்ஸ்டினின் கையேட்டிலும் 1906இல் வந்த பிரான்சிஸின் கெசட்டியரிலும் விளைச்சல் கணக்கு உண்டு, வணிகம் உண்டு. அந்தப் பணம் எந்தத் திண்ணையாகவும் எந்தத் தேக்குத் தூணாகவும் மாறிற்று என்பதை வீடுதான் சொல்ல வேண்டும்.

அதை எப்படிக் கேட்பது? கூரையிலிருந்து தொடங்கலாம். சீமை ஓட்டின் அடிப்புறத்தில் ஆலையின் பெயர் அழுந்தியிருக்கும். பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். எனவே அவ்வகை ஓடு அதற்கு முந்தியதாக இராது. ஆனால் ஓட்டை மட்டும் நம்பக் கூடாது. நாட்டு ஓட்டைக் களைந்து சீமை ஓடு வேய்ந்த வீடுகள் பல. தேக்கு விட்டங்களின் மேல் சிறு செங்கற்களைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் பிணைத்த மெட்ராஸ் டெரஸ் என்றால், மரம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் பர்மாத் தேக்கின் வரத்து அறுந்தது. இரும்பு உத்திரமாயின் அதன் உடலிலேயே ஆலையின் பெயர் பொறித்திருக்கலாம்.

பிறகு பத்திரங்கள். வில்லங்கச் சான்று நெடுங்காலம் பின்னோக்கிப் போகாது. தாய்ப்பத்திரத்தைத் தேட வேண்டும். விழுப்புரம் மாவட்டம் 1993இல்தான் பிரிந்தது என்பதால் அதில் 'தென்னாற்காடு ஜில்லா' என்றே இருக்கும். நான் பெரிதும் மதிப்பது பத்திரத்தின் செக்குபந்திப் பகுதியை. கிழக்கே இன்னார் வீடு, மேற்கே இன்னார் காலிமனை என்று நான்கெல்லை சொல்லும் அந்தச் சில வரிகளை நாலைந்து பத்திரங்களிலிருந்து எடுத்து ஒட்டிப் பார்த்தால், மறைந்துபோன ஒரு தெரு முழுதும் எழுந்து நிற்கும். இலக்கியம் படிக்கும் நம் மாணவர்களுக்குப் பாடபேதம் பார்க்கக் கற்றுத் தருகிறோம். செக்குபந்தி பார்க்கவும் கற்றுத் தந்தால் என்ன?

இங்கே ஒரு சங்கடத்தையும் சொல்லியாக வேண்டும். காரைச் சுவரையும் தேக்குத் தூணையும் அளவுகோலாக வைத்தால், அவற்றைக் கட்ட வாய்ப்பிருந்தவர்களின் வரலாறு மட்டுமே வரலாறாகும். 1978 ஜூலையில் விழுப்புரத்தில் தலித் மக்கள் 12 பேர் கொல்லப்பட்டனர், குடிசைகள் எரிக்கப்பட்டன. சுதந்திர இந்தியாவில் அவ்வூரின் பெயர் நாடெங்கும் ஒலித்த நிகழ்ச்சி அது. அதற்குச் சாட்சியாக எந்தப் பட்டியலிலும் ஒரு கட்டடத்தைச் சேர்க்க இயலாது. எரிந்தவை மண்ணும் ஓலையும். ஆகவே ஒரு மனையின் மதிப்பை அளக்கும்போது, அங்கே நிற்பதை மட்டுமின்றி நிற்காமல் போனதையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். மண்சுவர் வீட்டின் வயதை முதியவர்களின் வாய்மொழியிலிருந்துதான் பெற முடியும். அதை இரண்டாந்தரச் சான்று என்று தள்ளுவது சரியன்று.

இடிக்கத் தீர்மானித்த வீட்டை முதலில் மதிப்பிடுபவர் வரலாற்றாசிரியர் அல்லர், மரவியாபாரி. அவர் நிலைக்கதவைத் தட்டிப் பார்த்து விலை சொல்கிறார்; தூண்கள் லாரியேறிக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கோ புதிய விடுதிகளுக்கோ போகின்றன. அவர் விட்டுச்செல்வது பரணில் கிடக்கும் காகிதம். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பை நினைத்துக்கொள்க. 1846இல் கலுவா மொம்பிரோன் என்பவர் கண்டு எடுக்கும்வரை அது அவருடைய குடும்பத்தாரிடமே முடங்கிக் கிடந்தது. 1738 அளவில் எழுந்த பிள்ளையின் மாளிகை இன்றும் நிற்கிறது. கீழே நம் மரத்தூண்கள், மேலே ஐரோப்பியத் தூண்கள். இரண்டும் பிழைத்தது அரிய பேறு. மாளிகை மட்டும் பிழைத்துக் குறிப்புகள் அழிந்திருந்தால் நாம் அடைந்திருக்கும் நட்டம் எத்தகையது! 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும், பிற பொருள்களுக்கு நூறாண்டு கேட்டாலும், இலக்கிய, வரலாற்று மதிப்புடைய கையெழுத்துப் படிகளுக்கு 75 ஆண்டு போதும் என்கிறது.

சட்டத்தை நம்பிக் காத்திருக்கலாமா? சென்னை அண்ணா சாலையின் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006இல் இடிக்கத் தொடங்கியபோது வழக்குத் தொடுத்தார்கள். 2010இல் உயர்நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்றது. மரபுக் கட்டடங்களுக்கென ஆணையம் அமைக்கும் சட்டத்தைத் தமிழக அரசு 2012இல் இயற்றியது. அது நடைமுறைக்கு வந்தது 2024இல். தலைநகரத்துப் பெருங்கட்டடத்துக்கே இத்தனை பாடு. திண்டிவனத்து ஓட்டு வீட்டுக்காக எவர் நீதிமன்றப் படியேறப் போகிறார்? எல்லாப் பழைய வீட்டையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்லவுமில்லை. ஒழுகும் கூரையின் கீழ் குடியிருப்பவரிடம் மரபைப் பற்றிப் பேசுவதற்குக் கொஞ்சம் கூச்சம் வேண்டும். பாகப்பிரிவினையில் பத்துப் பங்காய்ப் போன வீட்டை எந்த ஒருவராலும் காக்க இயலாது.

ஆனால் இடிப்பதற்கு முன் இரண்டு நாள் அவகாசம் கேட்கலாம். எந்த உரிமையாளரும் பெரும்பாலும் மறுக்கமாட்டார். ஒரு நாள் அளவெடுத்துக் கட்டுகளின் வரைபடம் போடவும், கதவு, தூண், ஓட்டு முத்திரை ஆகியவற்றைப் படமெடுக்கவும். மறுநாள் பரணுக்கு.