வடபாதையும் வைத்திய உதவியும்: மாத்தளையை நோக்கி நடந்தோர் வரலாற்றில் ஒரு பக்கம்

2023 யூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட மலையக மக்களின் நடைபயணம் ஓகஸ்டில் மாத்தளையை வந்தடைந்தது. இருநூறு ஆண்டு நினைவாக நிகழ்ந்த அப்பயணம் மாத்தளையில் முடிந்தமை தற்செயலன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வடபாதை வழியே வந்த தென்னிந்தியத் தொழிலாளருக்கு மலைநாட்டின் வாயிலாக அமைந்தது மாத்தளையே. அப்பாதையில் நோயுற்று வீழ்ந்தோருக்கு வைத்திய உதவி எப்பொழுது, எவ்வெல்லை வரை கிடைத்தது என்பதையே இங்கு நாம் நோக்குகின்றோம்.

மதுரை, திருநெல்வேலி, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளிலிருந்து கங்காணியின் கீழ் திரண்ட கூட்டங்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கின. மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை என ஏறக்குறைய நூற்றைம்பது மைல் நடை. கோப்பிப் பழம் பறிக்கும் காலத்துக்கு முன்னர் மலையேறிவிட வேண்டும். ஆகவே வன்னிக் குளங்கள் வற்றிக்கிடக்கும் கோடையிலேயே பெருந்தொகையினர் நடந்தனர். எஞ்சிய கலங்கல் நீரையே முன் சென்றோரும் பின் வந்தோரும் குடித்தனர். வாந்திபேதி பரவுவதற்கு இதனினும் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. வயிற்றளைச்சலும் அம்மையும் காட்டுக் காய்ச்சலும் உடன் வந்தன.

நோயாளியைப் பாதையோரத்தில் விட்டுச் சென்றனர் என்ற செய்தி அக்காலக் குறிப்புகளிற் பலவிடத்தும் வருகின்றது. துரைமார் இதனைக் கங்காணியின் கல்நெஞ்சமாகவும், கூலிகளின் அறியாமையாகவும் காட்டினர். நாம் அவ்வாறு கொள்வதற்கில்லை. கூட்டம் முழுவதும் முன்பணக் கடனாற் பிணிக்கப்பட்டிருந்தது. கையிலிருந்த அரிசி நடைநாட்களுக்கு அளந்த அரிசி. நோயாளிக்குத் துணையாக நின்றவனும் பட்டினிக்கு இரையாவான். இரக்கத்துக்கும் ஒரு பொருளாதாரம் உண்டு.

1840களில் இறந்தோர் எழுபதினாயிரம் என 1849இல் 'கொழும்பு ஒப்சேவர்' மதிப்பிட்டது. இவ்வெண்ணிக்கை மிகையானதென்று கூறும் ஆய்வாளரும் உளர். மிகையாகவே இருக்கட்டும். வந்தோரைத் தலையெண்ணிய அரசு, வீழ்ந்தோரை எண்ணாது விட்டதாலன்றோ இவ்விவாதமே எழுகின்றது?

ஓர் ஒப்பீடு இவ்விடத்தே பயன்தரும். மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பலிற் சட்டப்படி ஒரு வைத்தியர் சென்றார். இலங்கைக்கு வந்தவனோ 'சுதந்திரத் தொழிலாளி'. குடிபெயர்வுக் கட்டுப்பாடுகளிலிருந்து இலங்கைக்கு 1847ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் விலக்களித்திருந்தது. ஒப்பந்தம் இல்லை; எனவே பொறுப்பாளியும் இல்லை. முதலாளி தோட்ட வாசலில் மட்டுமே முதலாளியானான். பாதையில் அவன் எவனுமல்லன். சுதந்திரம் என்னும் சொல் வைத்தியச் செலவைத் தவிர்க்கும் கணக்கியற் சொல்லாகவும் பயன்பட்ட விந்தை இது.

ஆள்வரவு குன்றிய போதே அக்கறை பிறந்தது. 1858இன் சட்டத்தால் அமைந்த குடிவரவுத் தொழிலாளர் ஆணைக்குழு பாதை வசதிகளிற் கவனஞ் செலுத்தியது. அதன் முதன்மை நோக்கம் தடையற்ற ஆள்வரவே. 1872இன் வைத்தியத் தேவைகள் சட்டம் தோட்டப் பகுதிகளை வைத்திய மாவட்டங்களாக வகுத்து, நிருவாகத்தைத் துரைமாரின் குழுக்களிடம் ஒப்படைத்தது. செலவைக் கட்டுப்படுத்துவோரும் செலவழிக்க வேண்டியோரும் ஒருவரேயானால் விளைவு என்னவாகும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. சாகும் தறுவாயிலேயே நோயாளர் அனுப்பப்பட்டனர். வைத்தியசாலை சாவதற்கான இடமென்ற அச்சம் தொழிலாளரிடையே வேரூன்றியது. 1880இல் இப்பொறுப்பு அரசின் கைக்கு மாறிற்று. கோப்பியோ அப்பொழுது, 1869இல் தோன்றிய இலைநோயால், தானே சாகத் தொடங்கியிருந்தது.

மாத்தளையில் முத்துமாரியம்மன் வழிபாடு பெற்ற ஏற்றத்தை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ள வேண்டும். அம்மையும் பேதியும் தந்து, தணிக்கவும் வல்லவளாகக் கருதப்பட்ட தெய்வம் அத்தகைய பாதையின் முடிவில் நிலைகொண்டது. அதனை வெறும் மூடநம்பிக்கை என ஒதுக்கும் நம்மவர், அன்றைய தொழிலாளிக்கு நாடத்தக்க வேறெந்த நிறுவனம் இருந்தது என்று கேட்பதில்லை.

1880இல் புகையிரதம் மாத்தளையை எட்டிய பின்னரும் வடக்கே மன்னார்வரை கால்நடையே தொடர்ந்தது. பாதை மூடப்பட்டது 1899இல். அரை நூற்றாண்டுக்கு மேலாக அதில் மாண்டவர்களுக்காக அன்று. பம்பாயிற் பரவிய பிளேக் தீவினுள் நுழைந்துவிடும் என்ற அச்சத்தால். அதன்பின் குடிவரவு தூத்துக்குடி, கொழும்பு வழியாகத் திருப்பப்பட்டது. தட்டப்பாறையிலும் பின்னர் மண்டபத்திலும் முகாம்கள் எழுந்தன. அங்கு வைத்தியர் காத்திருந்தார், கடல் கடக்குமுன் ஒவ்வோர் உடலையும் சோதிப்பதற்கு.