கடல் கடந்த கலியாணப் பயணம்

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னை எழும்பூரில் ரயிலேறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடலை நீராவிக் கப்பலில் கடந்து, தலைமன்னாரில் நின்ற ரயிலில் கொழும்பு சேர முடிந்தது. ‘போட் மெயில்’ எனப்பட்ட இவ்விணைப்பு, இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்தோருக்கும் திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பகுதிகளில் இருந்த அவர்களின் உறவுகளுக்கும் இடையே கொள்வினை கொடுப்பினை அற்றுப்போகாமல் காத்த பெருந்தடமாகும்.

ஆயினும் தோட்டத் தொழிலாளர் தீவுக்குள் நுழையுமுன் மண்டபம் முகாமில், அதாவது தொற்றுநோய் அச்சத்தால் பயணிகளைத் தனிமைப்படுத்திய இடத்தில், அம்மை குத்திக்கொண்டு சில நாள் தங்க வேண்டியிருந்ததால், தாய்மாமன் சீர்த்தட்டுடன் வந்தாலும் முகூர்த்த நாளோடு முகாம் நாளையும் கணக்கிட்டே புறப்பட வேண்டியிருந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்க, கடவுச்சீட்டும் விசாவும் கலியாண வீட்டு வாசலில் வந்து நின்றன. உறவைச் சட்டம் பிரித்த கொடுமைகளுள் இது மிக வன்மையானது. 1964 அக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இம்மக்களை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. அவ்வாண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து நடந்த கப்பல் போக்குவரத்தும் 1980களில், இலங்கையில் போர் மூண்டதும், நின்றுபோயிற்று.