வானொலியில் கேட்ட நம் பேச்சு

1946 ஏப்ரல் 1ஆம் நாள் சிங்கப்பூரிலிருந்து ரேடியோ மலாயா ஒலிபரப்பைத் தொடங்கியது. மலாய், ஆங்கிலம், சீனத்தோடு தமிழுக்கும் அதில் இடம் கிடைத்தது. 1959இல் சிங்கப்பூர் நிலையம் தனியே பிரிந்தது. நமக்குக் கோலாலம்பூர் தலைமையகமாயிற்று. அந்தத் தமிழ்ப் பிரிவே பின்னர் ரேடியோ 6 ஆகி, இன்று மின்னல் எஃப்எம் என்று வழங்குகிறது.

வானொலிப் பெட்டிக்கு உரிமம் எடுக்க வேண்டியிருந்த காலத்தில், பெட்டி உள்ள கடை அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் பொது. அன்று நேயர்கள் அஞ்சலட்டையில் பெயரெழுதிப் பாட்டுக் கேட்டார்கள். வீடுகளுக்குத் தொலைபேசி வந்தபின் அவர்களே பேசினார்கள்: பிள்ளைகளின் படிப்பு, கடைக்கு ஆள் கிடைக்காத சிரமம், கல்யாணச் செலவு. வீட்டுக்குள் பேசியது ஊர்ப்பேச்சாயிற்று. இந்து, கிறிஸ்துவ, முஸ்லிம் தமிழர் ஒருவர் கவலையை மற்றவர் கேட்டனர்.

நோன்புப் பிறை அறிவிப்பை அரச முத்திரைக் காப்பாளர் மலாயில் வாசிப்பார். அதையே தமிழ்ச் செய்தியிலும் கேட்டால்தான் நம் மூத்தவர்கள் சிலருக்கு மனநிறைவு.

நம்மவர் வீடுகள் பலவற்றில் இன்று மலாயே பேச்சுமொழி. தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் காதுவழியே தமிழ் சேர்த்தது வானொலி. ஆனால் நேரலைப் பேச்சு காற்றோடு போய்விடும். உங்கள் வீட்டில் பழைய ஒலிநாடா இருந்தால் சங்கத்திடம் தாருங்கள். இல்லையேல் வாப்பாவிடமும் உம்மாவிடமும் கேட்டு எழுதி வையுங்கள்.