நாணற்பன்றியின் பெயரும் நிலமும்

இமயமலை அடிவாரத்தில் வாழும் குள்ளப்பன்றியை 1847இல் அறிவியலுலகுக்கு அறிமுகப்படுத்திய பிரையன் ஹாட்சன், அதற்கு ‘போர்குலா சால்வானியா’ எனப் பெயரிட்டார். சாலமரக் காட்டைச் சுட்டும் பெயர் அது. விலங்கின் உண்மையான உறைவிடமோ, அக்காட்டை அடுத்த ஆற்றுச் சமவெளியின் உயர்ந்த புற்பரப்பு. அசாமிய மக்கள் அதனை நாணற்பன்றி என்னும் பொருளில் ‘நொல் காஹோரி’ என்றழைத்தனர். பெயரிடலில் அவர்களே துல்லியமானவர்கள். (போர்குலா என்னும் பேரினப் பெயரும் நெடுங்காலம் கைவிடப்பட்டிருந்து, 2007இல் மரபணு ஆய்வால் மீண்டது.)

புல்லைக் காணாத இப்பார்வை ஹாட்சனோடு முடியவில்லை. மரமுள்ள நிலமே காடு, புல்வெளி உழவுக்குக் காத்திருக்கும் வெறுநிலம் என்று நிர்வாகமும் கருதியது. தராய்ப் புல்வெளிகள் வயல்களாயின. எஞ்சியவை ஆண்டுதோறும் எரிக்கப்பட்டன. ஏறத்தாழ 25 செ.மீ. உயரமே உள்ள இப்பன்றி, நிலத்தில் பள்ளம் பறித்து, புல்லால் கூடமைத்து, ஆண்டு முழுவதும் அதிலேயே உறங்குவது. குட்டி ஈனுவதும் அங்கேதான். தீ அதன் வீட்டையே எரிக்கிறது.

அழிந்ததாகக் கருதப்பட்ட அவ்வினம், 1971இல் பர்நதிப் பகுதியில் புல்லுக்கு வைத்த தீயிலிருந்து தப்பித் தேயிலைத் தோட்டத்துக்குள் ஓடிவந்தபோதுதான் மீண்டும் கண்டறியப்பட்டது. அசாமிலும் சூரிச் விலங்குக்காட்சியகத்திலும் அப்பத்தாண்டில் நடந்த வளர்ப்பு முயற்சிகள் தோற்றன. 1980இல் இதனையும் முரட்டுமுயலையும் காக்கவே பர்நதி சரணாலயம் அமைக்கப்பட்டது. ஆயினும் அங்கிருந்தே பன்றி மறைந்தது. 1990களில் மானஸ் மட்டுமே எஞ்சியது.

1996இல் மானஸில் ஆறு பன்றிகள் பிடிக்கப்பட்டன. அவற்றுள் நான்கு பெண். டரல் அறக்கட்டளையும் அசாம் வனத்துறையும் இணைந்து நடத்திய திட்டத்தில், குவஹாத்தியின் பசிஷ்டாவில் அவை விரைவாகப் பெருகின. இனப்பெருக்கமே இத்திட்டத்தின் எளிய பகுதியாயிற்று எனலாம். விடுவிப்புக்குரியவை நமேரியை அடுத்த போதாசாலியில், இயற்கைப் புல் வளர்ந்த அடைப்புகளில், மனிதத் தொடர்பு குறைக்கப்பட்டு, தாமே இரை தேடப் பழக்கப்பட்டன. 2008இல் சோனாய் ரூபாயில் முதல் 16 பன்றிகள் விடப்பட்டன. 2011 முதல் ஒராங்கிலும், பின்னர் பர்நதியிலும், 2020இல் மானஸிலும் விடுவிப்பு தொடர்ந்தது.

விலங்குகளை வளர்க்கக் கற்றவர்கள், அடுத்துப் புல்லை வளர்க்கவும் தீயின் காலத்தை வரையறுக்கவும் வேண்டியிருந்தது. சரணாலய அறிவிப்பால் காக்க இயலாத பர்நதிக்கு, முதன்மையாக மானஸ் வழிவந்த பன்றிகளே திரும்பின. மானஸ் விடுவிப்பு நடந்த அதே 2020இல், இந்தியாவில் முதன்முறையாக அசாமில்தான் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் கண்டறியப்பட்டது. வளர்ப்பு மையத்தின் வேலிக்கு வெளியே வீட்டுப்பன்றிகள் மடியத் தொடங்கின.