விட்வொர்த் துப்பாக்கி
வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் புரித்துப்பாக்கிகளில் குறி தவறாமைக்குப் பெயர்பெற்றது. ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் 1850களில் வடிவமைத்தார். குழலின் உட்புறம் அறுகோணம். 20 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக முறுகிச் செல்லும். அக்காலப் படைத்துப்பாக்கியான என்ஃபீல்டில் ஒரு சுற்றுக்கு 78 அங்குலம். இந்த நெருக்கமான முறுக்கு நீண்ட, ஒல்லியான குண்டை வேகமாகச் சுழற்றியதால், தொலைவிலும் அது தடுமாறாமல் பறந்தது. 1857 சோதனைகளில் என்ஃபீல்டை எளிதில் விஞ்சியது. 1860இல் விம்பிள்டன் குறிசுடும் போட்டியை விக்டோரியா அரசி தொடங்கிவைத்ததும் இதைக் கொண்டே: தாங்கியில் பொருத்திய துப்பாக்கியின் விசையைப் பட்டுக்கயிற்றால் இழுத்தார், 400 கஜத்தில் குண்டு இலக்கின் மையத்தை ஒட்டியே பட்டது. ஆனால் சில வெடிகளிலேயே கரிமருந்துக் கசடு குழலில் படிந்து, அடுத்த குண்டை இறக்குவது பெரும்பாடாகும். விலையும் மிக அதிகம். பிரிட்டிஷ் படை இதைப் பொதுப் படைக்கலமாக ஏற்கவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலக் குறிசுடுநர்கள் விரும்பி ஏந்தினர்.