கைவிடாத கோதுமை

ஆஸ்திரேலியாவில் கோதுமையின் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்குச் சுமார் இரண்டு டன்தான். இங்கிலாந்தில் எட்டு டன்னை ஒட்டி விளைகிறது. இருந்தும் உலகின் பெரிய கோதுமை ஏற்றுமதி நாடுகளில் ஆஸ்திரேலியாவும் ஒன்று. பரந்த நிலம் ஒரு காரணம். மழை பொய்த்த ஆண்டிலும் ஓரளவாவது வீடு வந்து சேரும் ரகங்களைத் தேடிப் பிடித்தது இன்னொரு காரணம். அந்தத் தேடலின் முன்னோடி வில்லியம் ஃபாரர் (1845-1906).

இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கணிதம் முடித்து மருத்துவம் படிக்கப்போன இடத்தில் காசநோய் கண்டது. வறண்ட காற்றை நாடி 1870-ல் இங்கு வந்தார். நியூ சவுத் வேல்ஸ் அரசில் நில அளவையாளராக இருந்துவிட்டு, 1886-ல் அந்த வேலையை விட்டு, இன்றைய கான்பராவுக்கு அருகே லாம்பிரிக் என்ற பண்ணையில் குடியேறினார். அன்று பயிரிட்ட கோதுமைகளில் பல தாமதமாக முற்றுபவை. கதிர் முற்றுவதற்குள் வெயில் கருக்கிவிடும், அல்லது துரு நோய் தின்றுவிடும். 1889-ல் துரு பேரழிவு செய்ய, மறு ஆண்டே காலனிகளின் பிரதிநிதிகள் அதற்கென்று மெல்போர்னில் மாநாடு கூட்டினார்கள்.

ஃபாரர் கலப்பினத்தில் இறங்கினார். மனைவியின் கொண்டை ஊசியால் மகரந்தம் எடுத்தார் என்று ஒரு கதை உண்டு. நமக்குச் சுவையான செய்தி, அவர் இந்தியக் கோதுமைகளையும் வரவழைத்தார் என்பது; அவை சீக்கிரம் முற்றுபவை. கனடாவின் ஃபைஃப் வகையோடு 'எட்டாவா' என்ற இந்திய ரகத்தைக் கலந்து கிடைத்தது யாண்டில்லா. அதை உள்ளூர் பர்ப்பிள் ஸ்ட்ராவோடு கலந்ததில் பிறந்தது 'ஃபெடரேஷன்'. காலனிகள் ஒரே நாடாக இணைந்த 1901-ஐ ஒட்டி வெளிவந்ததால் அந்தப் பெயர். பழுப்புக் கதிர், குட்டையான தாள், பார்க்க அழகில்லை. துருவை எதிர்க்கும் திறனும் பெரிதாக இல்லை. ஆனால் துரு பரவுவதற்குள் முற்றிவிடும், வறட்சியைத் தாங்கும். 1910 முதல் 1925 வரை நாட்டிலேயே அதிகம் பயிரான ரகம் இதுதான். மாவின் தரத்தைச் சிட்னியில் வேதியியலாளர் கத்ரி சோதித்துச் சொன்னார். ஒரு கைப்பிடித் தானியத்தையும் அரைக்கும் சிற்றாலை ஒன்றை அவர் வைத்திருந்தார். (மென்பொருள்காரர்கள் இதைக் கவனிக்கலாம்: சோதனை சிறியதாக இருந்தால்தான் அடிக்கடி செய்ய முடியும்.)

துருவிடமிருந்து தப்பி ஓடுவது வேறு, எதிர்த்து நிற்பது வேறு. 1938-ல் 'யுரேகா' என்ற ரகம் வந்தது. ஒரே ஒரு மரபணுவை நம்பி அது தண்டுத் துருவைத் தடுத்தது. 1942-க்குள் துரு அதைத் தாண்டிவிட்டது. பயிர் ஒரு பூட்டைப் போட்டால், பூஞ்சையில் எங்கோ நேரும் ஒரு மாற்றம் அதற்குச் சாவியாகிவிடுகிறது; விதைத்தவர் எல்லோருடைய வயலும் ஒரே நேரத்தில் திறந்துகொள்கிறது. சிட்னிப் பல்கலைக்கழகத்தின் இர்வின் வாட்சன் இதிலிருந்து எடுத்த முடிவு, ஒரே ரகத்தில் பல எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்க்க வேண்டும் என்பது. ஒரே சமயத்தில் பல பூட்டுகளையும் உடைக்கும் பூஞ்சை அமைவது மிக அரிது. அப்படியும் 1973-ல் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் தண்டுத் துரு கடுமையாக வந்துபோனது, எதிர்ப்பற்ற ரகங்கள் பரவலாக இருந்ததால்.

ஆகவே காவல் ஓய்வதில்லை. சிட்னிக்குத் தென்மேற்கே காபிட்டியில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பயிர்ப்பெருக்க நிலையம் இருக்கிறது. வயலில் துரு கண்ட விவசாயிகள் அந்த இலையைத் தபாலில் அங்கே அனுப்புகிறார்கள். காகித உறையில்தான் அனுப்ப வேண்டும். பிளாஸ்டிக்கில் வைத்தால் இலை அழுகி, எந்தத் துரு என்று கண்டுபிடிக்க முடியாமல் போய்விடும்.